குதிரைக்குட்டிக்கு ஆட்டு மருந்து வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் உங்கள் வேளாண் பக்கத்தில் மழைக்காலக் கால்நடைப் பராமரிப்பு பற்றி ஒரு குறிப்பு வந்திருந்தது. ஆடு, மாடு பற்றி எழுதியிருந்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கடைசியில், குதிரை வைத்திருப்பவர்களும் இதேபோல இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பூச்சி மருந்து கொடுக்கலாம் என்று ஒரே வரியில் முடித்திருந்தீர்கள். அந்த வரியைப் படித்துவிட்டு மருந்துக் கடைக்குப் போன இரண்டு பேரை எனக்கே தெரியும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். தயவுசெய்து வெட்டாமல் போடுங்கள்.

நாங்கள் கடலூர் தேவனாம்பட்டினம். என் மாமனார் முதுநகருக்கும் திருப்பாதிரிப்புலியூர் ரயிலடிக்கும் ஜட்கா ஓட்டியவர். ஆட்டோ வந்து ஜட்கா போன பிறகும் குதிரையை விட மனம் வராமல் வைத்திருந்தார். இப்போது என் வீட்டுக்காரரும் மகனும் சில்வர் பீச்சில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றிவருகிறார்கள். கல்யாண மாப்பிள்ளை ஊர்வலத்துக்கும் போகிறார்கள். வீட்டில் குட்டி போட்டால் அதை வளர்த்து எடுப்பது என் பொறுப்பு. சீம்பால் குடித்ததா, தொப்புள் காய்ந்ததா, லத்தி எப்படி இருக்கிறது என்று பார்ப்பது நான்தான்.

அரியாங்குப்பத்தில் என் நாத்தனார் வீட்டில் நடந்ததை முதலில் சொல்கிறேன். அந்தியூர் ஆடிச் சந்தைக்குப் போய்விட்டு வந்த ஒருவரிடமிருந்து ஆறு மாதக் குட்டி ஒன்றை வாங்கினார்கள். மயிலைக் குட்டி, பார்க்க லட்சணமாக இருந்தது. வயிறு மட்டும் பானையாய் இருக்கும், மயிர் பளபளப்பில்லாமல் சிலிர்த்து நிற்கும். "வயிறு ரொம்பினா இருக்கு, நல்லாச் சாப்பிடுது" என்று சந்தோஷப்பட்டார்கள். சந்தையில் வாங்கிய குட்டிதானே, பூச்சி மருந்து கொடுத்துவிடலாம் என்று ஒரு மருந்துக் கடையில் கேட்டார்கள். "மாட்டுக்குக் கொடுக்குறதுதாம்மா, இதுவும் கொடுக்கலாம்" என்று ஐவர்மெக்டின் கொடுத்து அனுப்பினார்கள். கொடுத்த மறுநாள் குட்டி தன் வயிற்றையே திரும்பித் திரும்பிப் பார்த்தது. படுத்தது, உருண்டது, வியர்த்துக் கொட்டியது. மூக்கு வழியாகப் பச்சைத் தண்ணீர் வந்தது. மருத்துவரைக் கூட்டி வருவதற்குள் போய்விட்டது.

குருமாம்பேட் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துப்போய் அறுத்துப் பார்த்தபோது சிறுகுடலில் ஒரு இடம் முழுக்கப் புழு. வெள்ளை வெள்ளையாக, சாண் நீளத்துக்கு மேல், பென்சில் கனத்தில். தேங்காய் நாரைக் கயிறாய்த் திரித்த மாதிரி ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு குடலை அடைத்திருந்தது. அந்த இடத்தில் குடல் கறுத்துக் கிழிந்திருந்தது.

மருந்து வேலை செய்யாமல் அந்தக் குட்டி சாகவில்லை. மருந்து வேலை செய்ததால் செத்தது. இதைத்தான் எல்லோரும் புரிந்துகொள்ள வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

குட்டிகளைப் பிடிக்கும் இந்தப் பெரிய உருளைப்புழுவை எங்கள் பக்கம் நாக்குப்பூச்சி என்றுதான் சொல்வோம். டாக்டர்கள் பராஸ்காரிஸ் என்கிறார்கள். முட்டை லாயத்துத் தரையிலும் சுவரிலும் தாயின் மடியிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். பிசுபிசுப்பான முட்டை, எதிலும் ஒட்டும். பிறந்த குட்டி சும்மா இருக்குமா? தொட்டியை நக்கும், சுவரை நக்கும், தாயின் லத்தியைக்கூடத் தின்னும். லத்தி தின்பது குட்டிகளுக்கு இயற்கைதான், பயப்பட வேண்டியதில்லை. உள்ளே போன முட்டை பொரிந்து, குஞ்சுப் புழு குடலைத் துளைத்துக் கல்லீரலுக்குப் போகும், அங்கிருந்து நுரையீரலுக்கு. அந்த நேரத்தில் குட்டி இருமும், சளி ஒழுகும். சளிக்கு ஊசி போட்டுக்கொண்டிருப்பார்கள். இருமலோடு மேலே வந்த புழுவைக் குட்டி மறுபடி விழுங்கிவிடும். பிறகுதான் அது சிறுகுடலில் தங்கிப் பெரிதாகும். முட்டை உள்ளே போனதிலிருந்து லத்தியில் புது முட்டை தெரிய ஏறத்தாழ மூன்று மாதம் ஆகிவிடும். அதற்கு முன்னால் லத்தியைச் சோதித்து, ஒன்றும் இல்லை என்று நிம்மதியாக இருக்க முடியாது.

ஐவர்மெக்டின், பைரான்டெல் இரண்டும் புழுவைச் சட்டென்று செயலிழக்க வைக்கிற மருந்துகள். உள்ளே நாலைந்து புழு இருந்தால் லத்தியோடு வந்துவிடும். நூற்றுக்கணக்கில் இருந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் மரத்துப்போய் ஒரே இடத்தில் குவியும். குட்டியின் குடல் எவ்வளவு அகலம்? பென்பென்டசோல் மாதிரியான மருந்து புழுவை மெதுவாகக் கொல்லும். அதனால்தான் வயிறு பெருத்த, மருந்தே பார்த்திராத குட்டிக்கு முதலில் எதைக் கொடுக்கலாம், எவ்வளவு கொடுக்கலாம் என்று டாக்டர் யோசித்துச் சொல்கிறார். கடைக்காரர் சொல்லக்கூடிய விஷயமில்லை இது.

இன்னொரு காரணமும் உண்டு. குட்டிகளின் உருளைப்புழு பல நாடுகளில் ஐவர்மெக்டினுக்குப் பழகிவிட்டது. 2002-லேயே நெதர்லாந்தில் இதைக் கண்டுபிடித்து எழுதிவிட்டார்கள். வளர்ந்த குதிரையின் பெருங்குடலில் இருக்கும் சின்னச் சிவப்புப் புழுவுக்கு, அதாவது ஸ்ட்ராங்கைலுக்கு, கதை தலைகீழ். அது பென்பென்டசோல் வகை மருந்துக்கு உலகம் முழுக்கப் பழகிப்போயிருக்கிறது. ஆக, தாய்க்கு வேலை செய்கிற மருந்து குட்டிக்கு வேலை செய்யாது, குட்டிக்கு ஏற்றது தாய்க்கு ஏற்காது என்ற நிலைமை வரும். இரண்டையும் ஒரே தொழுவத்தில் கட்டிவைத்து, ஒரே பாட்டிலில் இருந்து, இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் ஊற்றிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? மருந்துக்குச் சாகாத புழுவை நாமே பொறுக்கி எடுத்து வளர்த்துவிட்டதாக ஆகும்.

சரி, என்னதான் செய்வது? லத்தியைப் பார்க்க வேண்டும். எங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் இங்கே முன்பு வேலை பார்த்த ஒரு டாக்டரம்மா. என்னையே உட்காரவைத்துக் காட்டினார். சூடு ஆறாத லத்தியில் கொஞ்சம் எடுத்து, உப்பு இனிமேல் கரையாது என்கிற அளவுக்குக் கரைத்த தண்ணீரில் கலக்கி, டீ வடிகட்டியில் வடித்து, கட்டம் போட்ட ஒரு கண்ணாடிச் சில்லில் ஊற்றினார். சற்று நேரத்தில் முட்டைகள் மேலே மிதந்து வந்துவிடும். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தால் இரண்டு வகை தெரிந்தது. ஒன்று பழுப்பு நிறத்தில் உருண்டையாக, தடித்த ஓட்டோடு. அது உருளைப்புழு முட்டை. இன்னொன்று நீள்வட்டமாக, ஓடு மெல்லியதாக, உள்ளே திராட்சைக் கொத்துப் போலத் திட்டுத் திட்டாக இருந்தது. அது ஸ்ட்ராங்கைல். கட்டத்துக்குள் எத்தனை என்று எண்ணிப் பெருக்கினால் ஒரு கிராம் லத்திக்கு எத்தனை முட்டை என்று வந்துவிடுகிறது. மருந்து கொடுத்து இரண்டு வாரம் கழித்து மறுபடி எண்ணினால் மருந்து பலித்ததா என்று தெரிந்துவிடும். விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லை. உப்பு, வடிகட்டி, சில்லு, நுண்ணோக்கி, பார்க்கத் தெரிந்த ஒரு கண். அவ்வளவுதான்.

அப்படிப் பார்க்க ஆரம்பித்த பிறகு எங்கள் வீட்டில் ஒரு விஷயம் தெரிந்தது. பெரிய குதிரைகளில் ஒன்றுதான் எப்போதும் முட்டையாகக் கொட்டுகிறது, மற்றவற்றில் இருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கிறது. எல்லா ஊரிலும் இப்படித்தானாம். மந்தையில் ஐந்தில் ஒரு பங்குக் குதிரைகள்தான் மொத்த முட்டையில் முக்கால் பங்குக்கு மேல் போடும் என்று டாக்டரம்மா சொன்னார். வளர்ந்த குதிரை எல்லாவற்றுக்கும் வரிசையாக மருந்து ஊற்றுவது எதற்கு? கொட்டுகிற குதிரைக்குக் கொடுத்தால் போதும், மற்றதற்கு வருஷத்துக்கு ஒன்றிரண்டு தரம்.

குட்டிக்கு மட்டும் அப்படி விட முடியாது. குட்டிக்கு முதல் வருஷத்தில் குறைந்தது நான்கு முறை மருந்து தேவைப்படும், ஆனால் எப்போது, எது என்பதில் கணக்கு உண்டு. இரண்டு மூன்று மாதத்தில் முதல் முறை, உருளைப்புழுவுக்கு, பென்பென்டசோல் வகை. பால் மறக்கடிக்கும் சமயத்தில், அதாவது நாலிலிருந்து ஆறு மாதத்துக்குள், லத்தியைப் பார்த்துவிட்டு இரண்டாவது. அந்த வயதில் உருளைப்புழுவும் இருக்கும், ஸ்ட்ராங்கைலும் சேர ஆரம்பித்திருக்கும். எது அதிகம் என்று பார்த்தால்தான் மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியும். அப்புறம் ஒன்பது மாதத்தில் ஒன்று, ஒரு வயதில் ஒன்று, ஸ்ட்ராங்கைலைக் குறி வைத்து. நாடாப்புழுவுக்கான மருந்தையும் இந்தச் சமயத்தில் டாக்டர் சேர்த்துக் கொடுப்பார். ஒன்றரை வயதுக்கு மேல் உருளைப்புழுவைக் குதிரையின் உடம்பே விரட்டிவிடுகிறது. மாக்ஸிடெக்டின் என்று ஒரு மருந்து இருக்கிறது. ஆறு மாதம் ஆகாத குட்டிக்கு அதைத் தொடவே கூடாது.

பிறந்து பத்து நாள் வாக்கில் குட்டிக்குக் கழிச்சல் வந்தால் உடனே பூச்சி என்று மருந்து தேடாதீர்கள். தாய் மறுபடி பருவத்துக்கு வருகிற அதே நாட்களில் குட்டிக்கு வயிறு இளகுவது சாதாரணம், குட்டி துள்ளிக்கொண்டு பால் குடித்தால் தானாகவே நிற்கும். சோர்ந்து படுத்தாலோ பால் குடிக்காவிட்டாலோதான் ஓட வேண்டும். தாய்ப்பால் வழியாகவே குட்டிக்குப் போகிற ஒரு நூல்புழு உண்டு. அதற்கு மருந்து குட்டிக்குக் கொடுப்பதைவிட, குட்டி போடும் சமயத்தில் தாய்க்கு டாக்டர் சொல்கிறபடி கொடுப்பது நல்லது.

எடை பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். கண்ணால் பார்த்து "இருநூறு கிலோ இருக்கும்" என்று மருந்து ஊற்றுவது எங்கள் ஊரில் வழக்கம். பெரும்பாலும் குறைத்துத்தான் மதிப்பிடுவோம். அரை மருந்து கொடுத்தால் பலவீனமான புழு சாகும், பலமானது தங்கிவிடும். தையல்காரர் வைத்திருக்கிற டேப் ஒன்று போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி ஓர் அளவு. தோள்முனையிலிருந்து பின்தொடை முனை வரை நீளம் ஓர் அளவு. இரண்டும் சென்டிமீட்டரில். மார்புச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11880-ஆல் வகுத்தால் கிலோ. எங்கள் வெள்ளைக் குதிரைக்கு மார்பு 150, நீளம் 135. கணக்குப் போட்டால் 255 கிலோ சொச்சம் வருகிறது. இது வளர்ந்த குதிரைக்கான கணக்கு, குட்டிக்கு ஒத்துவராது. சின்னக் குட்டியைத் தூக்கிக்கொண்டு நெல் மண்டி எடை மேடையில் நின்று, பிறகு ஆளின் எடையைக் கழித்துக்கொள்ளலாம். என் மகன் அப்படித்தான் செய்கிறான்.

மருந்துக் கடைகளில் ஆட்டுக்கென்று விற்கும் பாட்டில்களில் லெவாமிசோல் இருக்கும். குதிரை தாங்கும் அளவுக்கும் அதற்குக் கேடு செய்யும் அளவுக்கும் இடையில் தூரம் மிகக் குறைவு, அதனால் குதிரைக்கு அது ஆகாது. மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியைக் குதிரைக்குப் போட்டு, ஊசி போட்ட இடம் வீங்கிச் சீழ்பிடித்ததை நானே பார்த்திருக்கிறேன். குதிரைக்கு அந்த மருந்து வாய்வழிப் பசையாகத்தான். வேப்பிலை அரைத்துக் கொடுப்பது எங்கள் வீட்டிலும் உண்டு, பெரியவர்கள் மனசுக்காகச் செய்கிறோம். ஆனால் குடலில் சாண் நீளப் புழு வைத்திருக்கும் குட்டியை அது காப்பாற்றும் என்று நம்பி நாளைக் கடத்தக் கூடாது. புகையிலைத் தண்ணீர், மண்ணெண்ணெய் எல்லாம் வேண்டவே வேண்டாம். மூங்கில் குழாயில் எதையாவது ஊற்றி அது நுரையீரலுக்குள் போய்விட்டால் புழு கொல்வதற்கு முன் நாமே கொன்றுவிடுவோம்.

மருந்தைவிடப் பெரிய வேலை லாயத்தில் இருக்கிறது. உருளைப்புழு முட்டை மண்ணில் வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பினாயில் ஊற்றினால் அதற்கு ஒன்றும் ஆகாது. கொதிக்கும் தண்ணீரும் தேய்ப்பும் வெயிலும்தான் வழி. போன வருஷம் குட்டி கட்டிய மூலையிலேயே இந்த வருஷக் குட்டியையும் கட்டுகிறோம், முட்டையும் அங்கேயே காத்திருக்கிறது. இடத்தை மாற்ற முடிந்தவர்கள் மாற்றுங்கள். முடியாதவர்கள் குட்டி பிறப்பதற்கு முன் தரையைச் சுரண்டி எடுத்துக் கழுவுங்கள், தாயின் மடியையும் வெந்நீரில் துடைத்துவிடுங்கள். புல்லையும் கொள்ளையும் தரையில் கொட்டாமல் தொட்டியில் வையுங்கள்.

கெடிலம் கரையிலும் பெண்ணையாற்றுப் படுகையிலும் மேய விடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. ஸ்ட்ராங்கைல் குஞ்சு ஈரப் புல்லில் ஏறி நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதற்குக் கொண்டாட்டம். அக்னி நட்சத்திர வெயிலில் திறந்த வெளியில் காய்ந்து செத்துவிடும். மழை மாதங்களில் வாரம் இரண்டு முறையாவது மேய்ச்சல் இடத்தில் லத்தியை அள்ளிவிட்டால் மருந்துக்குச் சமமான பலன். மாடுகளை அதே இடத்தில் மேயவிடுவதும் நல்லதே. குதிரைப் புழு பெரும்பாலும் மாட்டின் வயிற்றில் பிழைக்காது, மாடு அதைப் புல்லோடு தின்று ஒழித்துவிடும். குதிரையும் மாடும் சேர்ந்து மேயக் கூடாது என்று சண்டை போடுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

அள்ளிய லத்தியைச் சூப்பர் நேப்பியர் பாத்தியில் பச்சையாகக் கொட்டி, அந்தப் புல்லையே அறுத்துக் குட்டிக்குப் போடுகிறார்கள். இதைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. குவித்து வைத்து, உள்ளே கை வைக்க முடியாத சூடு ஏறும்படி மூடி, கிளறி, நன்றாக மக்கிய பிறகு போடுங்கள். மக்கிய லத்தியைப் புதுச்சேரி மாடித்தோட்டக்காரர்கள் கேட்டு வாங்கிப் போகிறார்கள்.

கடைசியாக அரசாங்கத்துக்கு. குதிரை எங்கே இருக்கிறது என்று கேட்கிறார்கள். கணக்கெடுப்பில் 2012-இல் நாடு முழுக்க 6 லட்சத்துக்கு மேல் இருந்த குதிரையும் மட்டக்குதிரையும் 2019-இல் 3 லட்சத்து 40 ஆயிரமாகக் குறைந்துவிட்டன. குறைந்ததால்தான் ஒவ்வொரு குட்டியும் முக்கியம் என்கிறேன். திருவந்திபுரம் மலையில் குதிரை முகத்து ஹயக்ரீவரைக் கும்பிட பரீட்சை சமயத்தில் எவ்வளவு பிள்ளைகள் வருகிறார்கள்! மாசி மகத்துக்கு எங்கள் கடற்கரைக்குச் சாமி வரும்போது முன்னால் குதிரை போக வேண்டும் என்று எங்களைத்தான் தேடுகிறார்கள். ஊராட்சிகளில் நடக்கும் கால்நடை மருத்துவ முகாமில் குதிரையைக் கொண்டுபோனால் மட்டும், ஆட்டு மருந்துதான் இருக்கிறது என்று திருப்பி அனுப்புகிறார்கள். அங்கிருக்கும் டாக்டர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கு வரும் பெட்டியில் குதிரைப் பசை இல்லை. கடலூரிலும் புதுச்சேரியிலும் முகாம் பெட்டியில் அதைச் சேர்க்க வேண்டும், குதிரை லத்தியை எண்ணிப் பார்க்க வாரத்தில் ஒரு நாள் ஒதுக்க வேண்டும். கழுதை வைத்திருப்பவர்களுக்கும் இது உதவும், கழுதைக்கும் இதே புழுக்கள்தான்.

லத்தி கொண்டுபோகிறவர்கள் காலையில் விழுந்த புதிய லத்தியில் ஒரு கைப்பிடி எடுத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி இறுக்கிக் கட்டுங்கள். குட்டியின் வயதையும் கடைசியாகக் கொடுத்த மருந்தின் பெயரையும் மேலே எழுதுங்கள். வெயிலில் வைக்காமல் அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள், இல்லாவிட்டால் முட்டை பொரிந்து எண்ணிக்கை தப்பாகிவிடும்.

நீங்களும் அந்தப் பழைய வரியை வேளாண் பக்கத்திலேயே திருத்திப் போட வேண்டும். குருமாம்பேட்டிலோ கடலூரிலோ ஒரு கால்நடை மருத்துவரிடம் குதிரைக்கென்று தனியாக எழுதி வாங்கி, ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் வெளியிட்டால் எங்களுக்குப் பெரிய உதவி.

இப்படிக்கு,
குதிரை வளர்க்கும் ஒரு வாசகி,
தேவனாம்பட்டினம், கடலூர்.